பன்னிரண்டு காசுப் படக்கதை



சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாம் நடந்து செல்வதாக எண்ணிக்கொள்வோம். பூக்கடைகளில் மல்லிகைச் சரங்கள் தொங்குகின்றன. தேக்கா நிலையத்தில் காய்கறி வாங்குவோர் கூட்டம் நெருக்குகிறது. ஆறு நாள் உழைத்த தொழிலாளர்கள் ஓய்வு நாளில் நண்பர்களைக் கண்டு பேசி மகிழ்கின்றனர். சற்றுத் தொலைவில் சீனிவாசப் பெருமாள் கோவிலின் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. அக்கூட்டத்தில் தந்தையின் கைபிடித்து நடக்கும் சிறுவன் ஒருவனின் சட்டையில், சம்மட்டி ஏந்திய பொன்முடி வீரன் ஒருவனின் உருவம் அச்சாகியிருக்கிறது. ‘இவன் யார், தம்பி?’ என்று வினவினால், ‘தோர்’ என்று நொடிப்பொழுதில் விடை வரும். கோபுரத்தைச் சுட்டி, ‘திருமாலின் அவதாரங்களைச் சொல்லு’ என்று கேட்டால் சிறுவன் தந்தையின் முகத்தைப் பார்ப்பான். தந்தையோ வேறு எங்கோ பார்ப்பார்!

இதற்காகச் சிறுவனைக் கடிந்துகொள்ளுதல் முறையாகாது. எவர் அவனிடம் கதை சொன்னார்களோ அவர்களுடைய கதையை அவன் அறிந்திருக்கிறான். அவ்வளவே. அந்தத் தோர் என்பவன் யார்? எந்த நாட்டான்? அவனுடைய உருவம் எப்படி நம் பிள்ளைகளின் சட்டைவரை வந்து சேர்ந்தது? இவற்றை அறிய முற்பட்டால், ஒரு சிறு படக்கதை இதழில் தொடங்கி, கடல்கள் பல கடந்து, இறுதியில் நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வருவோம். வாருங்கள், காண்போம்.

இதழ் பிறந்த வரலாறு

அமெரிக்காவில் மார்வெல் நிறுவனத்தார் ‘ஜர்னி இன்டூ மிஸ்டரி’ என்னும் படக்கதை இதழை 1952 ஆம் ஆண்டு முதல் நடத்தி வந்தனர். ‘மர்மத்தினுள் ஒரு பயணம்’ என்று அப்பெயரைத் தமிழில் கூறலாம். பேய்க்கதைகளும் பூதக்கதைகளும் அதில் வெளிவந்தன. பத்து ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1962 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் என்று நாளிடப்பெற்ற 83 ஆம் இதழில்தான் தோர் என்னும் வீரன் முதன்முதலாகத் தோன்றினான். சிலந்தி மனிதனாகிய ஸ்பைடர் மேன் வேறோர் இதழில் முதன்முதலாகத் தோன்றியதும் அதே மாதத்தில்தான் என்பது வியப்புக்குரியது.

இதழின் விலை அமெரிக்கக் காசு 12. தோரின் கதை 13 பக்கங்களே கொண்டது. மீதிப் பக்கங்களில் வேறு சிறு கதைகள் இருந்தன. கதையின் கருவை அமைத்தவர் ஸ்டான் லீ. அக்கருவுக்கு உரையாடல் எழுதியவர் அவருடைய தம்பி லாரி லீபர். படம் வரைந்தவர் ஜாக் கர்பி. பென்சிற் கோடுகளின்மேல் மையிட்டவர் ஜோ சின்னாட்.

அந்நாளைய படக்கதைகள் மலிவான செய்தித்தாட் காகிதத்தில் அச்சிடப்பெற்றன. நீலம், செம்மை, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளே பயன்பட்டன. பூதக்கண்ணாடி கொண்டு பழைய படக்கதை ஒன்றை நோக்கினால், பச்சைப் புல்வெளி என்று நாம் கருதிய இடத்தில் நீலப் புள்ளிகளும் மஞ்சளும் கலந்திருப்பதைக் காணலாம். செம்புள்ளியும் மஞ்சளும் அடுத்தடுத்து நின்றால் கண் அதனைக் கிச்சிலி நிறமாகக் கொள்கிறது. நான்கு மைகளைக் கொண்டே நானிலத்தையும் காட்டிய அச்சுத்தொழிலாளரின் திறம் பாராட்டத்தக்கது.

கதைச் சுருக்கம்

டொனால்ட் பிளேக் என்பவர் ஓர் அமெரிக்க மருத்துவர். கால் ஊனமுற்றவர், கைத்தடியின் துணைகொண்டே நடப்பவர். அவர் ஓய்வுக்காக நார்வே நாட்டிற்குச் செல்கிறார். அவ்வேளையில் சனிக் கிரகத்திலிருந்து கல்லுருவ மனிதர்கள் அந்நாட்டுக் கரையில் வந்து இறங்குகின்றனர். அவர்களைக் கண்ட முதியவர் ஒருவர் ஊராரிடம் சொல்கிறார், எவரும் நம்பவில்லை. பிளேக் மட்டும் உண்மையை அறிய விரும்பிச் செல்கிறார். கல்மனிதர்கள் அவரைக் கண்டு துரத்துகின்றனர். ஓடும்போது கைத்தடியை இழந்து, ஒரு குகைக்குள் புகுந்து ஒளிகிறார். வெளியேற முயன்றால் பெரும்பாறை ஒன்று வழியை அடைத்து நிற்கிறது.

குகையினுள் மறைவான அறை ஒன்று திறக்கிறது. அங்கே பழைய மரக்கோல் ஒன்று கிடக்கிறது. அக்கோலால் பாறையை நெம்புகிறார், பாறை அசையவில்லை. மனம் சலித்துக் கோலைப் பாறைமேல் ஓங்கி அடிக்கிறார். இடி முழங்குகிறது, மின்னல் பாய்கிறது. மரக்கோல் சம்மட்டியாகிறது. ஊனமுற்ற மருத்துவர் வலிமை மிக்க தோராகிறார். தகுதியுடையவன் எவனோ அவனே இதனை ஏந்தித் தோரின் ஆற்றலைப் பெறுவான் என்ற பொருளில் அச்சம்மட்டியின்மேல் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பின்னர் அவன் பாறையை அகற்றி, கல்மனிதர்களை எதிர்த்து, வந்த வழியே விண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறான்.

ஆயினும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சம்மட்டி 60 நொடிகளுக்குமேல் கையை விட்டு நீங்கியிருந்தால், தோர் மீண்டும் நொண்டி நடக்கும் மருத்துவராகி விடுவான். ஆற்றல் எவனுக்கும் நிலையான உடைமை அன்று என்னும் கருத்தைக் கதை இவ்வாறு உணர்த்துகிறது. 1968 ஆம் ஆண்டில் வந்த தொடர்கதை மற்றோர் உண்மையையும் வெளியிட்டது. பிளேக் என்பவர் வேறு ஒருவர் அல்லர். செருக்குற்ற தன் மகன் தோர் பணிவைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தந்தை ஓடினே அவனை ஊனமுற்ற மனிதனாக்கி மண்ணுலகிற்கு அனுப்பினான் என்பதே அது. திருக்குறளில் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த நம் இனத்தார்க்கு இக்கருத்துப் புதிதன்று.

வடபுலத்துத் தோர்

இந்தத் தோர் படக்கதைக்காரர்களின் கற்பனையில் மட்டும் பிறந்தவன் அல்லன். நார்வே, சுவீடன், டென்மார்க்கு, ஐஸ்லாந்து ஆகிய வடநாடுகளின் மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வழிபட்ட தெய்வம் அவன். இடிக்கும் மழைக்கும் உரியவன். பூமித்தாயின் மகன். இரண்டு ஆட்டுக்கடாக்கள் பூட்டிய தேரில் அவன் வானில் செல்லும் ஓசையே இடி என்று அம்மக்கள் கருதினர். மியோல்னிர் என்பது அவன் சம்மட்டியின் பெயர். எறிந்தால் இலக்கைத் தாக்கிவிட்டு மீண்டும் கைக்கே வந்து சேரும்.

படக்கதையில் வரும் தோருக்குப் பொன்னிற முடி, தாடி இல்லை. பழங்கதைத் தோருக்கோ செந்தாடி உண்டு. பெருந்தீனி உண்பான், விரைவில் சினம் கொள்வான், மனத்தில் வஞ்சம் இல்லாதவன். ஓடின் அரசர்க்கும் போர்வீரர்க்கும் உரிய தெய்வமாகக் கருதப்பட்டான். தோரோ உழவர்க்கும் எளியோர்க்கும் துணைவன். மழை வேண்டியவரும் விளைச்சல் வேண்டியவரும் அவனை நாடினர். சம்மட்டி வடிவத்திலான சிறு தாயத்துகளை மக்கள் கழுத்தில் அணிந்தனர். அவற்றுள் பல வடநாட்டு மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பெற்றுள்ளன. வெயிலிலும் மழையிலும் வேலை செய்வோர்க்கு உரிய தெய்வமாக விளங்கியவன் என்பதால், தோட்டத்து மக்களாகிய நமக்கு அவன் அத்துணை அயலான் அல்லன்.

அவனைப் பற்றிய பழங்கதைகளுள் இரண்டினை இங்குக் காண்போம்.

ஒருநாள் தோர் துயிலெழுந்தபோது சம்மட்டியைக் காணவில்லை. திரிம் என்னும் அரக்கன் அதனைத் திருடி நிலத்தின் அடியில் புதைத்துவிட்டான். அழகுத் தெய்வமாகிய பிரேயாவைத் தனக்கு மணமுடித்துக் கொடுத்தால் மட்டுமே திருப்பித் தருவேன் என்றான். பிரேயா சினந்து மறுத்தாள். தேவர்கள் கூடி ஆராய்ந்து, தோருக்கே மணப்பெண் கோலம் புனைந்து அனுப்பினர்! தந்திரக்காரனாகிய லோக்கி தோழிப்பெண்ணாக உடன் சென்றான். விருந்தில் மணப்பெண் ஒரு முழு எருதையும் எட்டு மீன்களையும் உண்டு, மூன்று பீப்பாய் மதுவையும் குடித்தாள். அரக்கன் திகைத்தான். ‘உம்மைக் காணும் ஆவலால் எட்டு இரவுகள் அவள் ஒன்றும் உண்ணவில்லை’ என்று லோக்கி சமாளித்தான். மகிழ்ந்த அரக்கன் மணமகளை வாழ்த்துவதற்காகச் சம்மட்டியைக் கொணர்ந்து அவள் மடியில் வைக்கச் செய்தான். பின்பு நடந்ததை நாம் சொல்ல வேண்டுவதில்லை!

இரண்டாவது கதை வேறு சுவை உடையது. மாய அரசன் ஒருவனின் அரண்மனைக்குத் தோர் சென்றான். அங்கே கிழவி ஒருத்தியுடன் மற்போர் புரியுமாறு அரசன் கூறினான். இடித்தேவன் எவ்வளவு முயன்றும் கிழவி அசையவில்லை. இறுதியில் தோரே ஒரு முழங்காலை ஊன்ற நேர்ந்தது. மறுநாள் விடைபெறும்போது அரசன் உண்மையை உரைத்தான்: அக்கிழவியே முதுமை என்பவள், அவளை வென்றவர் இவ்வுலகில் எவரும் இலர். பாட்டி தாத்தாக்களிடம் நாம் பணிவோடு நடக்க வேண்டியதன் காரணத்தை இதைவிட நன்றாக எவர் எடுத்துரைக்க முடியும்?

ஏடு காத்த மக்கள்

இக்கதைகள் நம் கைக்கு எட்டியது எவ்வாறு? ஏறத்தாழ 1000 ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து மக்கள் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். பழந்தெய்வங்களின் வழிபாடு மறைந்தது. எனினும் கதைகளை அவர்கள் அழிய விடவில்லை. ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்னும் புலவர் 1220 ஆம் ஆண்டையொட்டிப் பழங்கதைகளைத் தொகுத்து நூலாக்கினார். முதுமையோடு தோர் மற்போர் செய்த கதை அந்நூலில் உள்ளது. மணப்பெண் வேடம் பூண்ட கதையோ, 13 ஆம் நூற்றாண்டில் தோல் ஏட்டில் எழுதப்பெற்ற ஒரு சுவடியில் பாடலாக உள்ளது. 45 ஏடுகளே எஞ்சியுள்ள சுவடி அது. பேராயர் ஒருவர் அதனை 1662 ஆம் ஆண்டில் டென்மார்க்கு மன்னருக்கு அனுப்பி வைத்தார். அன்று ஐஸ்லாந்து டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது.

முந்நூறு ஆண்டுகள் அயல்நாட்டில் இருந்த அச்சுவடி, 1971 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் கப்பலில் தாயகம் திரும்பியது. ரெய்க்யவிக் துறைமுகத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடி அதனை வரவேற்றனர். மன்னரை அன்று, படைத்தலைவரை அன்று, ஒரு பழைய ஏட்டை வரவேற்க ஒரு நாடே திரண்டது என்பதை எண்ணிப் பாருங்கள். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை இன்றும் நான்கு இலட்சத்தை எட்டவில்லை. மொழி பேசுவோர் சிலரே ஆயினும், அவர்கள் போற்றினால் அம்மொழி அழியாது என்பதற்கு அவர்களே சான்று.

நம் மரபிலும் இத்தகைய தொண்டு நிகழ்ந்தது. ஊர் ஊராகச் சென்று பனையோலைச் சுவடிகளைத் தேடிய உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியையும் 1892 இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தார். அவர் தேடாதிருந்தால் செல்லரித்துப் போன ஏடுகளோடு நம் கதைகளும் போயிருக்கும்.

வியாழக்கிழமையின் உறவு

மாணவர்களே, ஒரு வேடிக்கையான உறவை இங்கே காட்ட விரும்புகிறோம். ஆங்கிலத்தில் வியாழக்கிழமையைத் ‘தர்ஸ்டே’ என்கிறோம் அல்லவா? அதன் பொருள் ‘தோரின் நாள்’ என்பதாம். தமிழில் அந்நாளுக்கு வியாழன் என்னும் கோளின் பெயர். இவ்விரண்டும் எங்ஙனம் ஒரே நாளில் பொருந்தின?

உரோமானியர் ஏழு நாள்களுக்கும் ஏழு கோள்களின் பெயரை வைத்திருந்தனர். வியாழனுக்கு உரிய நாள், இடியை ஆயுதமாகக் கொண்ட ஜூபிடர் என்னும் தெய்வத்தின் நாள். வட ஐரோப்பிய மக்கள் இந்த ஏழு நாள் வழக்கத்தை ஏற்றபோது, ஜூபிடருக்கு நிகராகத் தங்கள் இடித்தேவனின் பெயரை அந்நாளுக்குச் சூட்டினர். அவ்வாறே செவ்வாய்க்குத் தீர் என்னும் போர்த்தெய்வமும், புதனுக்கு ஓடினும், வெள்ளிக்குப் பிரிக் என்னும் தேவியும் உரியோராயினர். சனிக்கிழமைக்கு மட்டும் ஆங்கிலத்தில் இன்றளவும் சனிக் கோளின் பெயரே நிற்கிறது. இந்தியாவிலும் இதே கோள் வரிசையில் நாள்களுக்குப் பெயர் வழங்குகிறது. ஆதலால் நம் நாட்காட்டியும் வடநாட்டார் நாட்காட்டியும் ஒரே வரிசையில் நடைபோடுகின்றன.

இடியை ஆயுதமாகக் கொண்ட தெய்வம் நம் மரபிலும் உண்டு. அவன் வச்சிரப்படை ஏந்திய இந்திரன். தொல்காப்பியம் மருத நிலத்திற்குரிய தெய்வமாக வேந்தனைக் குறிக்கிறது. அவனை இந்திரன் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். புகார் நகரில் நடைபெற்ற இந்திர விழாவைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கிறது. வயலும் மழையும் வாழ்வாக இருந்த இடங்களிலெல்லாம், இடியைக் கண்டு அஞ்சிய மனிதன் அதனுள் ஒரு காவலனையும் கண்டான் போலும்.

வரைந்த கைகளுக்கு என்ன கிடைத்தது?

இனிப் பெரியோர்களும் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தியைக் கூறுவோம். தோரை வரைந்த ஜாக் கர்பி 1917 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், வறியோர் நெருங்கி வாழ்ந்த பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஆஸ்திரியாவிலிருந்து பிழைப்பு நாடிக் குடியேறிய யூதர்கள். தந்தை ஆடைத் தொழிற்சாலையில் உழைத்தவர். கர்பி இரண்டாம் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் காலாட்படை வீரராகப் பணியாற்றினார். வரைந்த பக்கத்திற்கு இவ்வளவு என்று கூலி பெற்று வாழ்ந்தார். பால்மரம் வெட்டுவோர் பாலின் எடைக்கேற்பக் கூலி பெறுவது போன்றதே அது. ரப்பர் விலை உலகச் சந்தையில் எவ்வளவு ஏறினாலும், வெட்டியவர் கையில் வந்து சேர்வது எவ்வளவு என்பது தோட்டத்து மக்கள் அறியாதது அன்று.

தோர் உள்ளிட்ட பல வீரர்களின் உருவங்கள் பெரும்பொருள் ஈட்டின. அவற்றில் கர்பிக்குப் பங்கு கிடைக்கவில்லை. தம் கையால் வரைந்த மூலப் படங்களையேனும் திருப்பித் தருமாறு அவர் நெடுங்காலம் போராடினார். 1987 ஆம் ஆண்டில்தான் ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கங்கள் அவரிடம் வந்து சேர்ந்தன. அவர் வரைந்தவற்றில் அவை ஒரு சிறு பகுதியே. கதையை உருவாக்கியதில் எவர் பங்கு எவ்வளவு என்பது பற்றியும் ஸ்டான் லீயும் அவரும் பிற்காலத்தில் மாறுபட்டு உரைத்தனர். 1994 ஆம் ஆண்டில் கர்பி காலமானார்.

2009 ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மார்வெல் நிறுவனத்தை வாங்க ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் கர்பியின் பிள்ளைகள் தந்தையின் படைப்புகளுக்கு உரிமை கோரினர். கூலிக்குச் செய்த வேலை ஆதலால் உரிமை நிறுவனத்திற்கே என்று 2011 ஆம் ஆண்டிலும், மேல்முறையீட்டில் 2013 ஆம் ஆண்டிலும் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 2014 ஆம் ஆண்டில், வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்பதா என்பது முடிவாகும் முன்னரே, இருதரப்பாரும் இணக்கம் கண்டனர். அதன்பின் வந்த படைப்புகளில் கர்பியின் பெயர் உரிய இடத்தில் குறிக்கப்படுகிறது.

12 காசுக்கு விற்ற அவ்விதழ் இன்று நல்ல நிலையில் கிடைத்தால், பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கச் சேகரிப்போர் இருக்கின்றனர். காரணம் என்ன? அந்நாளில் சிறுவர்கள் படித்துக் கிழித்து எறிந்தார்கள்; எஞ்சியவை சிலவே. மரக்கூழ்க் காகிதத்தில் உள்ள லிக்னின் என்னும் பொருள், காற்றும் ஒளியும் படப்பட மஞ்சளித்துத் தாளை நொறுங்கச் செய்கிறது. சிங்கப்பூர், மலேசியா போன்ற ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். உங்கள் வீட்டில் பழைய நூல்களோ, தாத்தாவின் கடிதங்களோ இருப்பின், அவற்றை நிழலான, உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள். விலை கருதி அன்று. அவை மீண்டும் கிடைக்கமாட்டா என்பது கருதி.

நம் மொழியில் படக்கதைகள்

தமிழ்ச் சிறுவர்க்கும் படக்கதைச் செல்வம் குறைவின்றி இருந்தது. 1947 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொடங்கிய ‘அம்புலிமாமா’, தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்களைக் கவர்ந்தது. அதில் விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து செல்லும் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020 ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். 1972 ஆம் ஆண்டு சனவரியில் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவந்தது. அதன் முதல் வீரனாகிய இரும்புக்கை மாயாவி இங்கிலாந்து நாட்டுப் படக்கதையிலிருந்து தமிழுக்கு வந்தவன். அவனும் தோரைப் போலவே 1962 ஆம் ஆண்டில் பிறந்தவன் என்பது இனிய ஒற்றுமை. அயல்நாட்டு வீரனைத் தமிழ் பேச வைத்ததால், பலர் அவனைப் படிக்கும் ஆவலிலேயே தமிழை விரைந்து வாசிக்கக் கற்றனர்.

‘அமர் சித்திரக் கதை’ தோன்றிய வரலாறு, நாம் சிராங்கூன் சாலையில் கண்ட சிறுவனை நினைவூட்டும். 1967 ஆம் ஆண்டில் ஆனந்த் பை என்பவர் டில்லியில் தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சி ஒன்றைக் கண்டார். அதில் பங்கு கொண்ட இளைஞர்கள் கிரேக்க நாட்டுத் தெய்வங்களைப் பற்றிய வினாவிற்கு விடை சொன்னார்கள். இராமனின் தாயார் பெயர் யாது என்ற வினாவிற்கோ விடை தெரியாது விழித்தார்கள். அதனால் வருந்திய அவர், அயல்நாட்டுக் கதைகளைத் தடைசெய்ய வேண்டும் என்று முழங்கவில்லை. நம் கதைகளைப் படக்கதைகளாக வெளியிடத் தொடங்கினார். குறையைக் கண்டவிடத்துக் குறைகூறாது, நிறைவு செய்ய முற்படுவதே அறிவுடைமை.

நம் அண்டையிலும் இக்கலை வளர்ந்துள்ளது. மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் ஓவியர் சன்னி லியூ 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட படக்கதை நூல், சிங்கப்பூரின் வரலாற்றை ஒரு கற்பனை ஓவியரின் வாழ்க்கை வழியே கூறுகிறது. 2017 ஆம் ஆண்டில் அது படக்கதை உலகின் பெருமைக்குரிய ஐஸ்னர் விருதுகள் மூன்றினைப் பெற்றது. நம் பள்ளியில் பென்சில் பிடித்திருக்கும் சிறுவர் சிறுமியர் இதனை மனத்திற் கொள்க.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

படக்கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்னும் அச்சம் பழமையானது. 1954 ஆம் ஆண்டில் பிரெடரிக் வெர்தாம் என்னும் மனநல மருத்துவர், படக்கதைகள் சிறுவரைத் தீய வழியில் செலுத்துகின்றன என்று நூல் எழுதினார். அமெரிக்க மேலவையிலும் விசாரணை நடந்தது. அஞ்சிய பதிப்பாளர்கள் தாங்களே விதிமுறை வகுத்துக்கொண்டு, அதற்கு உட்பட்ட இதழ்களின் அட்டையில் முத்திரை இட்டனர். தோர் தோன்றிய இதழிலும் அம்முத்திரை உண்டு. சிங்கப்பூரிலும் 1959 ஆம் ஆண்டில் மஞ்சள் கலாசாரத்திற்கு எதிரான இயக்கம் நடந்தபோது, ஆபாச வெளியீடுகள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. தீயதை விலக்குதல் வேண்டும். அதில் ஐயமில்லை. ஆனால் விலக்குவதோடு கடமை முடிந்துவிடாது. விலக்கிய இடத்தில் நல்லதை வைக்க வேண்டும்.

பிள்ளை தோரின் கதையைப் படித்தால், ‘இவனைப் போல் இடியேந்தியவன் நம் கதையில் யார்?’ என்று கேளுங்கள். விடை தெரியாவிடின் இருவருமாகத் தேடுங்கள். சிங்கப்பூர் செல்ல நேர்ந்தால், விக்டோரியா தெருவில் 2005 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தேசிய நூலகத்தையும், அதன் அருகே நூற்கடைகள் நிறைந்த பிராஸ் பாசா கட்டடத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கேம்பல் சந்தில் 2015 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையம், கடல் கடந்து வந்த நம் முன்னோரின் கதையைக் கூறுகிறது. சீனிவாசப் பெருமாள் கோவில் 1978 ஆம் ஆண்டில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. முன்னாளில் அது நரசிம்மப் பெருமாள் கோவில் என வழங்கியது. அதன் கோபுரத்தின் கீழ் நின்று சிற்பங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கதை சொல்லுங்கள். எழுத்தறியாதவரும் படித்து மகிழ்ந்த படக்கதையன்றோ நம் கோபுரம்!

இன்னொரு பண்பையும் கற்றுக்கொடுங்கள். தோர் நமக்கு விளையாட்டுப் பொம்மை. ஆயினும் ஒரு காலத்தில் மக்கள் கைகூப்பித் தொழுத தெய்வம். ஐஸ்லாந்தில் 1972 ஆம் ஆண்டில் தோன்றிய அமைப்பு ஒன்று இன்றும் அப்பழந்தெய்வங்களைப் போற்றி வருகிறது. நம் தெய்வ உருவங்களைச் செருப்பிலும் சட்டையிலும் அச்சிட்டால் நம் மனம் நோகும். பிறருடைய தெய்வத்தைப் பற்றிப் பேசும்போதும் அந்த நோவை நாம் நினைத்தல் நன்று.

முடிவாக, மாணவச் செல்வங்களே! தோரின் கதையை மகிழ்ந்து படியுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். இன்று மாலை உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ சென்று, ‘எனக்கு ஒரு கதை சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதையை ஒரு குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் படமும் வரைந்து, சொன்னவர் பெயரை முதற்பக்கத்திலேயே தவறாது குறியுங்கள். ஐஸ்லாந்து மக்கள் 45 தோலேடுகளைக் காத்தார்கள். நாம் 40 பக்கக் குறிப்பேடு ஒன்றையாவது காப்போம்.